அமைதி மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவள்

அந்த வருடம் கோயிலில் அமைதி மெழுகுவர்த்தி எரியாமல் நின்றதற்கு ஒருத்தியின் பிடிவாதம்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்தப் பிடிவாதம் இல்லாமல் இருந்திருந்தால் மெழுகுவர்த்தி அழகாக எரிந்திருக்கும், நாலு பேர் படம் எடுத்திருப்பார்கள், கேக் வெட்டியிருப்பார்கள். செத்துப்போன ஒரு மனிதன் மட்டும் குடிகாரனாகவே மண்ணுக்குள் கிடந்திருப்பான்.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருடம். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து குவியும் விரிப்புகளைப் பிரிப்பது, ரத்தம் பட்டதைத் தனியாக எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலசுவது, பிறகு மெஷினில் போடுவது, ஆள் உயரத்துக்கு நீண்டு கிடக்கும் சூடான உருளையில் விட்டு மறுபக்கம் இழுத்து மடிப்பது. டாக்டர்களின் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுவதும் அவள் பொறுப்பு. அதனால் கூடத்தில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். கோட்டைப் பார்த்து வைத்தார்களா, அவள் நிற்கிற நிலையைப் பார்த்து வைத்தார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். கறை போகாத துணியை அவள் மேலே அனுப்பவே மாட்டாள். ஒருமுறை மேட்ரனே இறங்கி வந்து, "சின்னக் கறைதானேம்மா, அனுப்பிடு" என்றார். "உங்க பையனுக்கு ஆபரேஷன்னா இதையே போர்த்தலாமா மேடம்?" என்று கேட்டாள். மேட்ரன் வந்த வழியே திரும்பிப் போனார்.

வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். வருடத்தில் நான்கு வாரம் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரம்தான் திருவருகைக் காலம். வரப்போகிறவருக்காகக் காத்திருக்க வேண்டும், அதுவரை தன்னைத் தானே திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட காலம். ஆனால் கடைக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? நவம்பர் பாதியிலேயே கடைத்தெரு முழுக்க விளக்கும் பாட்டுமாக இரண்டுபடும். அவள் வீட்டில் மட்டும் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை ஒரு நட்சத்திரம்கூடத் தொங்காது. "பிள்ளை பிறக்கப்போற வீட்டை உள்ள கூட்டிப் பெருக்காம, வாசல்ல மட்டும் பல்பு கட்டினாப் போதுமா?" என்பாள். அந்த நான்கு வாரமும் பஸ்ஸில் ஏறமாட்டாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, விடியற்காலையில் நாற்பது நிமிடம் நடந்தே வேலைக்குப் போவாள். நடக்கும்போது தன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாள்: நான் எதை மறைச்சு வெச்சிருக்கேன்? "அம்மா சைலன்ட் மோடுக்குப் போயாச்சு" என்று மகள் கேலி பேசுவாள். மகளுக்கு இருபது வயது, நர்சிங் கடைசி வருடம்.

மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் சுலபமான பதில் இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை, மறைத்தவன் என் அண்ணன்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் லிப்ட் கதவு திறந்தது, லிப்ட் வரவில்லை. உள்ளே இருக்கிறது என்று காலை வைத்தவர் கீழே போய்விட்டார். அந்தக் கதவின் பூட்டு சரியில்லை என்று அவரே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்தது வேறு யாரிடமும் இல்லை, அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அவளுடைய அண்ணனிடம். விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் அண்ணன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்: "அன்னைக்குக் காலைல கையெழுத்துப் போட வந்தப்பவே அவர்மேல சாராய வாடை அடிச்சுது." அதற்குப் பிறகு யாரும் பூட்டைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதையும் தோண்டிப் பார்க்கவும் யாரும் மெனக்கெடவில்லை. குடித்துவிட்டு விழுந்தவர் என்று முடித்துவிட்டார்கள். அவர் ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே குடியை விட்டவர். அன்று முதல் அண்ணனோடு அவளுக்குப் பேச்சு இல்லை.

கோயிலுக்கு ஜூன் மாதம்தான் புதிதாக ஒரு ஃபாதர் வந்திருந்தார். சின்ன வயது, நல்ல மனசு, எல்லாவற்றையும் உடனே சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம். திருவருகைக் காலத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் பசும் இலைகளால் ஒரு வளையம் வைத்து அதில் நான்கு மெழுகுவர்த்தி நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். முதலாவது நம்பிக்கைக்கு, இரண்டாவது அமைதிக்கு, மூன்றாவது மகிழ்ச்சிக்கு, நான்காவது அன்புக்கு. இரண்டாவதை அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஏற்றினால் என்ன என்று ஃபாதருக்கு யோசனை வந்துவிட்டது. அண்ணன் கோயில் கமிட்டிச் செயலாளர். கேட்டதுமே சரி என்று சொல்லிவிட்டான். அவனுக்கு என்ன நஷ்டம்?

அவளைக் கேட்க ஃபாதர் வீட்டுக்கே வந்தார்.

"பண்டிகை நேரத்துல பழசையெல்லாம் மறந்துடலாமேம்மா. மன்னிக்கிறதுதானே நம்ம விசுவாசம்?"

"ஃபாதர், எனக்குத் தெரிஞ்சது துணி ஒண்ணுதான். ரத்தக் கறையை அலசாம அப்படியே சூட்டுல இஸ்திரி போட்டீங்கன்னா, துணி பளபளன்னு இருக்கும். கறை மட்டும் ஜென்மத்துக்கும் போகாது. நீங்க இப்ப இஸ்திரிப் பெட்டியோட வந்து நிக்கறீங்க."

ஃபாதர் சிரித்துவிட்டு எழுந்து போனார். ஆனால் மனசு கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் கூப்பிட்டால் வராமலா போய்விடுவாள் என்று கணக்குப் போட்டார். கஞ்சியக்காவைத் தெரிந்த யாரும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கமாட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு, பூசைக்கு நடுவில் மைக்கில் கூப்பிட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்தாள். நிதானமாக நடந்து முன்னால் போனாள். அண்ணன் சலவைச் சட்டையில், ஏற்றிய சின்னத் திரியைக் கையில் பிடித்தபடி, முகம் நிறையச் சிரிப்போடு அவளிடம் நீட்டினான். அவள் குனிந்தாள். 'ஃபூ' என்று ஊதினாள். திரி அணைந்தது.

"உண்மையைச் சொல்லாம ஏத்தினா இது பிறந்தநாள் கேக் மேல வைக்கிற மெழுகுவத்தி ஃபாதர், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் அவளைத் தேடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று சுற்றிலும் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "கேக்காமக் கூப்பிட்டது என் தப்பும்மா. ஆனா அந்த மெழுகுவத்தியை இனி வேற யாரும் ஏத்தமாட்டாங்க. நானும் ஏத்தமாட்டேன். அப்படியே நிக்கட்டும்" என்றார். அவருக்கும் கொஞ்சம் கஞ்சி இருக்கத்தான் செய்தது.

மூன்றாம் ஞாயிறு முதலாவது எரிந்தது, மூன்றாவது எரிந்தது, நடுவில் இரண்டாவது மட்டும் புத்தம் புதிதாக நின்றது. பாட்டுக் குழுப் பெண்கள், "அமைதி இல்லாமலே மகிழ்ச்சிக்கு வந்துட்டோம்டி" என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள். அண்ணி போன் செய்து, "எங்க மானத்தை வாங்கிட்டு நீ மட்டும் நல்லா இருந்துடுவியா?" என்று கத்திவிட்டு வைத்தாள். அவள் எதற்கும் மசியவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரே ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று நிற்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தப் பெருமையை மகள் புதன்கிழமை சாயங்காலம் போட்டு உடைத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா தேய்க்க, மகள் அலசினாள்.

"போதும்மா. காலேஜ்ல கூட இதைப் பத்திதான் பேசறாங்க. அந்த மெழுகுவத்தியை ஏத்திட்டு வந்துடேன்."

"உங்கப்பாவைக் குடிகாரன்னு சொன்னவன்கூட நின்னா?"

மகள் தட்டைக் கீழே வைத்தாள். "குடிச்சார்தானேம்மா? எதுக்கு இப்படி ஊரைக் கூட்டறே? ஒத்துக்கிட்டுப் போயேன்."

"யாருடி சொன்னது?"

"நீதான் சொன்னே."

குழாயில் தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா போறதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் முன்னாடி. மாமா புது வீட்டு விருந்து அன்னைக்கு. நீ போன்ல மாமாகிட்ட சொன்னே, 'அவருக்கு மறுபடியும் குடி ஆரம்பிச்சுடுச்சுண்ணா, அதான் வரலை'ன்னு. நான் பக்கத்து ரூம்லதான் படிச்சுட்டு இருந்தேன். அன்னைலேர்ந்து நான் அப்பாகூடப் பேசவே இல்ல. உனக்குத் தெரியுமா அது?"

"அது பொய்டி" என்றாள்.

மகள் அவளை நேராகப் பார்த்தாள். "அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? நான் எதைம்மா நம்பறது?"

மறுநாள் விடியலில் நடந்து போகும்போது வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதில் வரவில்லை. பால் வண்டிகள் போயின, கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, அவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. விருந்து நாள்தான் முன்னால் வந்து நின்றது. கணவர் வரமுடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். "பூட்டைச் சரிபண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தாத் தூக்கிப் போடறான் உங்கண்ணன், அவன் வீட்டுல போய்ச் சாப்பிடச் சொல்றியா?" என்றார். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அண்ணி என்ன நினைப்பாள், சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்பதுதான் அவள் கவலை. அண்ணன் போனில் கேட்டபோது வாய்க்கு வந்த சாக்கு அதுதான். பழைய குடி. எல்லாரும் உடனே நம்பக்கூடிய சாக்கு. தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் புருஷன் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பதினோராம் நாள் அவர் போய்விட்டார். விசாரணையில் அண்ணனுக்குப் பொய் தேவைப்பட்டபோது அவன் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. தங்கை கொடுத்தது கைவசம் இருந்தது.

மூன்று வருடத் திருவருகைக் காலம். மூன்று வருட நடை. அத்தனை நாளும் அண்ணன் மனசைத்தான் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறாள், தன் மனசுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, தன்மேலேயே அசாத்தியக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "திருடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். காவலாளி திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை, செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மரக்கூண்டில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கூண்டின் மறைப்பு வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

"கடவுள் மன்னிச்சுட்டார்ம்மா. சமாதானமாப் போ."

"கடவுள் மன்னிப்பார் ஃபாதர், அவரு பெரியவரு. ஞாயித்துக்கிழமை எனக்கு அந்த மைக் வேணும்."

"எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்லம்மா."

"பொய் எல்லார் முன்னாடியும்தானே பரவிச்சு? உண்மை மட்டும் ஏன் கூண்டுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கணும்?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என் பொண்ணு நம்பணும் ஃபாதர். தனக்கே கெட்ட பேர் வர்ற மாதிரி எவளாவது பொய் சொல்வாளா? அவ நம்பறதுக்கு எனக்கு வேற வழி தெரியலை."

நான்காம் ஞாயிறு மைக் முன்னால் நின்றபோது அவள் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். மகள் கடைசி வரிசையில் இருந்தாள். அண்ணன் மூன்றாவது வரிசையில்.

"என் வீட்டுக்காரர் குடிச்சுட்டு விழுந்தார்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொய்யை முதல்ல சொன்னது எங்கண்ணன் இல்ல. நான்" என்று ஆரம்பித்தாள். விருந்தையும் போனையும் சொன்னாள். எதற்காகச் சொன்னாள் என்பதையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை. "அவர் ஒன்பது வருஷமாத் தொட்டதில்ல. என் வெட்டி ஜம்பத்துக்காக அவர் பேரைக் கெடுத்தேன். இதுல என் பங்கு இவ்வளவு. மிச்சம் எவ்வளவுன்னு இங்க இன்னொருத்தருக்குத் தெரியும்."

அண்ணன் எழுந்தான். எல்லாரும் அவன் முன்னால் வரப்போகிறான் என்று நினைத்தார்கள். அவன் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டான். அண்ணி பின்னாலேயே ஓடினாள்.

அன்பின் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அமைதியுடையது எரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் பக்கத்திலேயே நடந்து வந்தாள். அடுத்த நாள் பேருக்கு இரண்டு வார்த்தை, அதற்கடுத்த நாள் நாலு வார்த்தை என்று பேச்சு திரும்பியது. நம்பினாளா என்று கேட்க அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. ஊரையே எதிர்த்து நின்றவளுக்குத் தன் மகளிடம் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை, பாருங்கள்.

ஆஸ்பத்திரி விரிப்புகளுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. பண்டிகையன்று காலை ஷிப்ட் அவளுக்கு. ஒன்பது மணிக்கு முடித்துவிட்டுப் பத்து மணிப் பூசைக்குப் போகலாம் என்று மகளும் புதுப் புடவையோடு சலவைக்கூடத்துக்கே வந்து காத்திருந்தாள். ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. உருளையின் ஒரு பக்கம் இரண்டு பெண்கள் விரிப்பைக் கொடுக்க, மறுபக்கம் இவள் இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் உள்ளே வந்தான். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நேராக அவள் பக்கத்தில் வந்து, காதோடு காதாக ஏதோ சொன்னான். மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் அங்கே வந்து சொன்னானோ என்னவோ.

அவள் விரிப்பைக் கீழே போட்டாள். விறுவிறுவென்று சுவர்ப் பக்கம் போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். ஆறு மெஷினும் முனகிக்கொண்டே நின்றன. கூடத்தில் இருந்த எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இப்ப சொல்லுண்ணா."

"எல்லாரும் இருக்காங்க..."

"நானும் எல்லாரும் இருக்கறப்பதான் சொன்னேன்."

அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு, "வாடை எதுவும் வரலை" என்றான். "அன்னைக்கு அவர்மேல எந்த வாடையும் வரலை. பூட்டுக்கு எழுதிக் குடுத்த மூணு சீட்டும் என் மேஜை டிராயர்லதான் கிடந்தது. பயந்துட்டேன். நீ போன்ல சொன்னது ஞாபகம் வந்துது, அதையே பிடிச்சுக்கிட்டேன். அது நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஆனா வாடைன்னு சொன்னது நானாச் சொன்னது."

இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருடம் காத்திருந்தவள், வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அவர் அந்த ஏழாம் மாடியில் காலை எடுத்து வைத்ததுதான் மறுபடி கண்ணுக்குள் வந்தது.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றான் அண்ணன்.

"இன்னும் இல்ல. பொய்யா ஒரு மெழுகுவத்திகூட ஏத்தாதவ, பொய்யா மன்னிப்பேனா? இனிமேதான் ஆரம்பிக்கணும். கம்பெனிக்கும் விசாரணை பண்ணவங்களுக்கும் இதை எழுதிக் குடு."

"எழுதிக் குடுத்தா என் வேலை போயிடும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசினாள். அதுவரை கதவோரம் நின்றவள் நடுவில் வந்துவிட்டாள். முகம் முழுக்கக் கண்ணீர், குரல் மட்டும் உடையவில்லை.

"எங்கப்பாவுக்கு உயிரே போச்சு மாமா. பதினோரு நாள் நான் அவர்கூடப் பேசலை. கடைசி நாள் காலைல கதவுகிட்ட நின்னு 'வர்றேன்டா'ன்னு சொன்னார், நான் திரும்பிக்கூடப் பார்க்கலை. குடிக்காத மனுஷன்கிட்ட வாடை அடிக்குதுன்னு நினைச்சு மூக்கைத் திருப்பிக்கிட்டேன். உங்களுக்கு வேலைதான் போகும். எனக்கு என்ன போச்சுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

உருளைப் பக்கம் நின்ற பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். தூரத்தில் கோயில் மணி அடித்தது. யாரும் அசையவில்லை.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மெல்லப் பேனாவை எடுத்தான். மடிப்பு மேஜையில் கிடந்த பதிவுப் புத்தகத்திலிருந்து மகள் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் குனிந்து எழுதப் போனான்.

"தள்ளு" என்று கஞ்சியக்கா அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். "முதல்ல பொய் சொன்னது நான். முதல் வரி என்னோடது."